சொல்லில் மறைந்த ஆண்டு

திருவிழாவை ஸேவிக்க வந்திருக்கும் அடியார்களில் எவரையேனும் அணுகி, எம்பெருமானார் அவதரித்த நாள் எது என்று வினவினால், சித்திரையில் திருவாதிரை என்னும் விடை தயக்கமின்றி வரும். நம்மாழ்வாருக்கு வைகாசி விசாகம், ஆண்டாளுக்கு ஆடிப் பூரம், திருமங்கையாழ்வாருக்குக் கார்த்திகையில் கார்த்திகை என்று சிறுவர்களும் ஒப்பிப்பர். அது எந்த ஆண்டு என்று அடுத்த வினாவைத் தொடுத்தால்தான் பேச்சு சற்றே நின்றுவிடும். இதனை அறியாமை என்று கொள்ளலாகாது. மாதமும் நட்சத்திரமும் ஆண்டுதோறும் மீண்டு வருவன. அவை வருந்தோறும் புறப்பாடு உண்டு, சாற்றுமுறை உண்டு, பிரஸாதம் உண்டு. கண்ணும் செவியும் நாவும் சேர்ந்து அவற்றை நினைவில் நிறுத்துகின்றன. ஆண்டோ ஒரு முறை வந்து போய்விடுவது; அதற்கென்று விழா கிடையாது. விழா இல்லாத ஒன்றை எவ்வாறு காப்பது என்பதே நம் முன்னோர்க்கு நேர்ந்த சிக்கலாகும்.

ஆண்டுக்குப் பெயர் சூட்டியிருக்கிறார்களே, அது போதாதோ எனின், போதாது. பிரபவ முதல் அக்ஷய ஈறாக உள்ள பெயர்கள் அறுபதே. அறுபது கழிந்தால் மீண்டும் பிரபவ. எம்பெருமானார் பிங்கள ஆண்டில் அவதரித்தார் என்று குருபரம்பரை கூறுகிறது. 1977ஆம் ஆண்டு சித்திரையில் தொடங்கியதும் பிங்கள ஆண்டுதான். 2037இல் தொடங்கப்போவதும் பிங்கள ஆண்டுதான். ஆகவே பெயர் மட்டும் கையிலிருந்தால், சுற்றில் எந்த இடம் என்பது தெரியுமேயன்றி எந்தச் சுற்று என்பது தெரியாது. பிழை நேர்ந்தால் ஓராண்டு ஈராண்டாக நேராது. அறுபது அறுபதாகவே நேரும். இதனைத் தடுக்க முன்னோர் கையாண்ட வழிகளில் ஒன்று கல்லில் வெட்டுவது. மற்றொன்று, ஆண்டின் எண்ணைப் பொருள் பொதிந்த ஒரு சொல்லுக்குள் மறைத்து, அச்சொல்லை மனப்பாடம் செய்துகொள்வது. பின்னதற்குக் கடபயாதி முறை என்று பெயர்.

இதன் விதி எளியது. வடமொழி நெடுங்கணக்கில் க-வர்க்கமும் ச-வர்க்கமும் சேர்ந்த பத்து எழுத்துக்களுக்கு முறையே 1 முதல் 9 வரையும், பத்தாவதாகிய ஞ-வுக்குச் சுழியும் மதிப்பு. ட-வர்க்கம், த-வர்க்கம் ஆகிய பத்துக்கும் அவ்வாறே. அங்கே பத்தாவதாகிய ந-வுக்குச் சுழி. ப முதல் ம வரை 1 முதல் 5. ய முதல் ஹ வரை 1 முதல் 8. இந்நான்கு வரிசைகளும் க, ட, ப, ய என்று தொடங்குவதால் அப்பெயர் வந்தது. தனித்து நிற்கும் உயிரெழுத்துக்குச் சுழி. கூட்டெழுத்தாயின் அதன் கடைசி மெய்யையே கொள்ளவேண்டும். இவ்வாறு கிடைத்த இலக்கங்களை வலமிருந்து இடமாக எழுதினால் எண் கிடைக்கும். அதாவது சொல்லின் முதலெழுத்து ஒன்றாம் தானத்தைப் பெறும்.

இவ்விடத்தில் தமிழன்பர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நம் எழுத்தில் த என்பது ஒன்றே. வடமொழியில் அதே இடத்தில் நான்கு ஒலிகள் உள்ளன. அவற்றின் மதிப்பு 6, 7, 8, 9 என்று வேறுபடும். பழைய ஸ்ரீவைஷ்ணவப் பதிப்புகளில் எழுத்தின்மேல் சிறிய இலக்கம் இட்டோ, கிரந்த எழுத்திலோ அச்சிட்டதன் பயன் இங்கே விளங்கும். தமிழ் எழுத்தில் மட்டும் கண்ட சொல்லைக் கொண்டு கணக்கிடப் புகுந்தால் வேறேதோ ஆண்டில் போய் நிற்க நேரிடும். இக்கட்டுரையில் முதல் த, நான்காம் த என்று ஒலியைப் பிரித்தே குறிப்போம்.

புறப்பாட்டில் நாதஸ்வரம் கேட்டு மகிழ்வோர் இம்முறையை அறியாமலே நாள்தோறும் அதனோடு பழகுகின்றனர். மேளகர்த்தா இராகங்கள் 72 அல்லவா? அவற்றின் பெயர்களிலுள்ள முதலிரண்டு எழுத்துக்களும் அந்தந்த இராகத்தின் வரிசை எண்ணைச் சொல்லும். ஹனுமத்தோடியில் ஹ 8, ந 0. திருப்பினால் 08, எட்டாவது மேளம். தீரசங்கராபரணத்தில் நான்காம் த 9, ர 2, திருப்பினால் 29. மேசகல்யாணியில் ம 5, ச 6, திருப்பினால் 65. சாருகேசி 26. ஆயினும் சக்ரவாகத்தில் ஒரு சிக்கல் உண்டு. விதிப்படி க்ர என்ற கூட்டில் ர-வைக் கொண்டால் அதுவும் 26 ஆகிவிடும். உண்மையில் அது 16ஆவது மேளம். அங்கே கூட்டெழுத்தின் முதல் மெய்யாகிய க-வைக் கொண்டிருக்கிறார்கள். வேண்டியபோது விதி சற்றே வளைந்திருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. இம்முறையில் கண்ட விடை எதையும் வேறொரு சான்றோடு ஒப்பிடாமல் ஏற்கலாகாது என்பதற்கு இதுவே போதிய காரணம்.

ஆண்டை மட்டுமன்றி நாளையே சொல்லுக்குள் வைத்தவர்களும் உளர். மேல்பத்தூர் நாராயண பட்டதிரி குருவாயூரப்பன் ஸந்நிதியில் நாராயணீயத்தை நிறைவு செய்தபோது இறுதியில் அமைத்த சொல், ஆயுளும் ஆரோக்கியமும் ஸுகமும் வேண்டுவதாகிய ஆயுராரோக்யஸௌக்யம் என்பது. அதன் ஏழு எழுத்துக்களும் 0, 1, 2, 2, 1, 7, 1 என்று நிற்கும், திருப்பினால் 17,12,210. கலியுகம் தொடங்கியதிலிருந்து அன்றுவரை கழிந்த நாட்களின் தொகை அது. கணக்கிட்டுப் பார்த்தால் 1586ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வந்து நிற்கிறது. வாத நோயால் வருந்தியவர் வேண்டிய வரமும், நூல் முடிந்த நாளும் ஒரே சொல்லில் அடங்கிவிட்டன.

இனி, எண்களைக் காணும் இடமெல்லாம் மறைபொருள் தேடுகிற ஒரு பழக்கத்தைப் பற்றியும் சிறிது சொல்லியாகவேண்டும். பாரதத்துக்கு ஜயம் என்றொரு பெயர் உண்டு. ஜ 8, ய 1, திருப்பினால் 18. பாரதத்தின் பருவங்கள் 18. போர் நடந்த நாட்கள் 18. கீதையின் அத்தியாயங்கள் 18. கௌரவர் சேனை 11, பாண்டவர் சேனை 7, ஆக அக்ஷௌஹிணிகள் 18. இதற்கும் மேலே சென்று, ஓர் அக்ஷௌஹிணியில் யானை 21,870, தேர் 21,870, குதிரை 65,610, காலாள் 1,09,350 என்றும், இவற்றுள் எதன் இலக்கங்களைக் கூட்டினாலும் 18 வருகிறதென்றும் உபந்நியாசங்களில் வியந்து கூறுவதுண்டு. கூட்டிப் பார்த்தால் உண்மைதான். ஆனால் அதன் காரணம் கணக்கில் உள்ளது. சேனையின் மிகச் சிறிய பிரிவாகிய பத்தியில் யானை 1, தேர் 1, குதிரை 3, காலாள் 5. இதனை ஏழு முறை மும்மடங்காக்கி, பின்னர்ப் பத்து மடங்காக்கினால் அக்ஷௌஹிணி. இரண்டு முறை மும்மடங்கானாலே எந்த எண்ணும் ஒன்பதால் வகுபடும். ஒன்பதால் வகுபடும் எண்ணின் இலக்கக் கூட்டு 9, 18, 27 என்றுதான் வர இயலும். ஆகவே பருவங்களைப் பதினெட்டாக வகுத்தது நூலை வகுத்தோரின் திருவுள்ளம். அக்ஷௌஹிணியின் இலக்கக் கூட்டு பதினெட்டானது பெருக்கலின் விளைவு. இரண்டையும் ஒரே தட்டில் வைத்தால் முன்னதன் பெருமைதான் குறையும்.

திருக்கோட்டியூர் நம்பியிடம் ரஹஸ்யார்த்தம் பெறுவதற்காக எம்பெருமானார் திருவரங்கத்திலிருந்து சிவகங்கைச் சீமை வரை பதினெட்டு முறை நடந்தார் என்பதும் இவ்வெண்ணையே தாங்கி நிற்கிறது. வழியில் சுங்கச் சாவடிக்காரன் எண்ணிவைத்த கணக்காக அதனை எண்ணிப் பூசலிடுவானேன்? சலியாமல், பொருள் கிட்டும்வரை நடந்தார் என்பதே அங்கே கேட்கவேண்டிய செய்தி.

இதற்கு நேர்மாறாக, அடையாளமாகத் தோன்றினும் மெய்யான அளவாக நிற்கும் எண்களும் நம் ஸம்பிரதாயத்தில் உண்டு. திருவாய்மொழி வியாக்கியானங்களுக்கு ஆறாயிரப்படி, ஒன்பதினாயிரப்படி, பன்னீராயிரப்படி, இருபத்து நாலாயிரப்படி, முப்பத்தாறாயிரப்படி என்று பெயர். படி என்பது இங்கே கிரந்தம். ஒரு கிரந்தம் என்பது 32 எழுத்து. ஓலையில் எழுதுவோர் இதனைக் கொண்டே நூலை அளந்தனர். ஆறாயிரம் விஷ்ணு புராணத்தின் அளவு, ஒன்பதினாயிரம் ஸ்ரீபாஷ்யத்தின் அளவு, இருபத்து நாலாயிரம் ஸ்ரீராமாயணத்தின் அளவு என்று பெரியோர் இணைத்துச் சொல்வர். தமிழ் மறையின் உரையை வடமொழிப் பெருநூல்களோடு சமமாக அளந்து காட்டிய செயல் இது. எழுத்தை எண்ணியும் பார்க்கலாம்; மேன்மையை உணரவும் செய்யலாம்.

இனி ஆண்டுகளுக்கு வருவோம். ஆழ்வார்களின் அவதாரத்துக்கு மரபு தரும் காலம் மிகத் தொன்மையானது. நம்மாழ்வார் கலி பிறந்த நாற்பத்து மூன்றாம் நாளில் அவதரித்தார் என்பர். வரலாற்றாசிரியர்கள் ஆழ்வார்களைக் கி.பி. 6ஆம் நூற்றாண்டுக்கும் 9ஆம் நூற்றாண்டுக்கும் இடையே வைக்கின்றனர். மதுரைக்கு அருகிலுள்ள ஆனைமலை நரசிங்கப் பெருமாள் கோயிற் கல்வெட்டு கலி 3871 என்ற ஆண்டைத் தருகிறது, அதாவது கி.பி. 770. அக்கோயிலை அமைத்த பாண்டிய அமைச்சரின் பெயர் மாறன் காரி. மதுரகவி என்ற சிறப்புப் பெயரும் அவருக்கு உண்டு. இப்பெயர்களைக் கண்டு அவரை ஆழ்வாரின் குடும்பத்தோடு இணைத்தோரும் உளர், இணைக்க மறுத்தோரும் உளர். கலியின் 43ஆம் நாளுக்கும் கலி 3871ஆம் ஆண்டுக்கும் இடையே எவ்வளவு தொலைவு! ஆயினும் இரு சாராரும் வைகாசி விசாகத்தன்று ஆழ்வார்திருநகரிக்கு ஒன்றாகச் செல்வதில் தடையேதும் இல்லை.

எம்பெருமானார் விஷயத்தில் தொலைவு இவ்வளவு பெரியதன்று. அதனாலேயே ஆராய்ச்சிக்கு இடம் மிகுதி. அவருடைய அவதார ஆண்டைச் சொல்வது தீர்லப்தா என்னும் தொடர்; அறிவு கிட்டியது என்பது பொருள். முதலில் உள்ளது நான்காம் த, 9. ர்ல என்ற கூட்டில் ல, 3. ப்தா என்ற கூட்டில் மீண்டும் நான்காம் த, 9. எப்புறம் படித்தாலும் 939தான். திருப்ப மறந்தவரும் தப்பிவிடுவர். சக ஆண்டு 939உடன் 78ஐக் கூட்டினால் கி.பி. 1017. அவர் திருநாட்டுக்கு எழுந்தருளிய ஆண்டைச் சொல்வது தர்மோ நஷ்ட: என்பது, தருமம் மறைந்தது என்று பொருள். நான்காம் த 9, ம 5, ந 0, ட 1. திருப்பினால் 1059. 78ஐக் கூட்டினால் 1137. இரண்டுக்கும் இடையே சரியாக 120.

தோன்றியபோது அறிவு கிட்டியது, மறைந்தபோது தருமம் மறைந்தது. சொல்லும் எண்ணும் இவ்வாறு பொருந்துவது தெய்வ ஸங்கல்பமே என்று உருகுவோர் உண்டு. இவ்வளவு பொருந்துவதாலேயே இது பிற்காலத்தார் புனைவு என்று ஒதுக்குவோரும் உண்டு. இருவரும் ஒன்றைக் கவனிப்பதில்லை. 1 என்ற இலக்கத்துக்கே க, ட, ப, ய என்று நான்கு எழுத்துக்கள் உள்ளன. எந்த உயிரையும் சேர்த்துக்கொள்ளலாம். கூட்டெழுத்தில் முன்னுள்ள மெய்யைக் கணக்கில் கொள்ளவும் வேண்டியதில்லை. இத்துணை உரிமை பெற்ற புலவருக்கு, கொடுத்த எண்ணுக்கு ஏற்ற சொல்லைக் காண்பது அரிதாயினும் இயலாததன்று. ஆகவே சொல்லின் பொருத்தம் புலவரின் திறமைக்குச் சான்று. ஆண்டு மெய்யா என்பதை வேறிடத்தில்தான் தேடவேண்டும்.

தேடும்போது 120 என்னும் எண் நம்மைத் தடுத்து நிறுத்துகிறது. நூற்றிருபது நிறைவான மனித ஆயுளாகக் கொள்ளப்படுவது; சோதிட நூலில் விம்சோத்தரி தசைகள் ஒன்பதின் மொத்தமும் 120 ஆண்டுகளே. மேலும் 120 என்பது அறுபதின் இரு சுற்று. ஆதலால் பிங்களவில் தோன்றியவர் பிங்களவிலேயே எழுந்தருளினார். தோன்றியது சித்திரை வளர்பிறைப் பஞ்சமி, திருவாதிரை. எழுந்தருளியது மாசி வளர்பிறைத் தசமி, அதே திருவாதிரை. வட்டம் முழுதாகிவிட்டது. முழுதான வட்டத்தைக் கண்டால் வரலாற்றாசிரியர் ஐயுறுவது இயல்பே.

ஆயினும் ஐயத்தையும் அளந்தே கொள்ளவேண்டும். திதியும் நட்சத்திரமும் வானத்தோடு பொருந்துகின்றனவா என்று சோதித்துப் பார்க்கலாம். வளர்பிறைப் பஞ்சமியில் சந்திரன் சூரியனுக்கு 48 முதல் 60 பாகை முன்னே நிற்கும். சூரியன் மேஷத்தில் உள்ள சித்திரையில் அவ்விடம் திருவாதிரையாக அமையக்கூடும். தசமியில் 108 முதல் 120 பாகை. சூரியன் கும்பத்தில் உள்ள மாசியில் அவ்விடமும் திருவாதிரையாகக் கூடும். மனம்போன போக்கில் திதியையும் நாளையும் சேர்த்திருந்தால் இவ்விரண்டில் ஒன்றேனும் முரண்பட்டிருக்க வாய்ப்புண்டு. முரண்படவில்லை. இதனால் 1017 நிலைபெற்றதாகாது. மாதமும் திதியும் நட்சத்திரமும் கவனமாகக் காக்கப்பட்டவை என்பது மட்டும் புலனாகிறது. விழா காத்தவை அவை.

மாசி என்றதால் மற்றொரு சிறு திருத்தமும் தேவை. சக ஆண்டும் பிங்கள ஆண்டும் பங்குனியோடு முடிவன; மாசி அவற்றின் கடைப்பகுதி. ஆகவே சகம் 1059 மாசி என்பது ஆங்கிலக் கணக்கில் 1138ஆம் ஆண்டின் தொடக்கமேயாகும். 78ஐக் கூட்டி 1137 என்று எழுதிவிடுவது வழக்கமாகிவிட்டது.

ஆராய்ச்சியாளர் சிலர், அரசர்களின் காலத்தையும் பிற்கால நூல்களில் வரும் ஆண்டுக் குறிப்புகளையும் ஒப்பிட்டு, எம்பெருமானார் காலத்தை 1077 முதல் 1157 வரை என்று கொண்டனர். 1077ஆம் ஆண்டின் பெயர் என்ன? அதுவும் பிங்களவே. சரியாக ஒரு சுற்றுத் தள்ளியிருக்கிறார்கள். பெயர் மட்டும் நிலைத்து, சுற்று ஐயத்துக்குரியதாகும்போது என்ன நேரும் என்று தொடக்கத்தில் கூறினோமே, அதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டா. இந்நிலை நேராதிருக்கவே தீர்லப்தா என்ற சொல் அமைந்தது. அதனை ஏற்போருக்குச் சுற்று உறுதியாகிவிடுகிறது. ஏற்காதோருக்குப் பிங்கள மட்டுமே எஞ்சுகிறது. 2017ஆம் ஆண்டில் ஆயிரமாவது திருநட்சத்திரம் நாடெங்கும் கொண்டாடப்பட்டது தீர்லப்தாவின் கணக்கைப் பற்றியே. அந்த ஆண்டின் பெயர் ஹேவிளம்பி. ஆயிரம் அறுபதால் வகுபடாது.

மேல்கோட்டையிலும் இத்தகைய முடிச்சு ஒன்று உண்டு. திருநாராயணப் பெருமாளை எம்பெருமானார் அங்கே பிரதிஷ்டை செய்தது வெகுதானிய ஆண்டு தை மாதம் புனர்பூசத்தில் என்பது மரபு. தீர்லப்தாவின் கணக்கை ஒட்டிப் பார்த்தால் அது கி.பி. 1099 தொடக்கம். அவரை ஆதரித்த ஹொய்ஸள மன்னர் விஷ்ணுவர்த்தனரோ 1108ஐ ஒட்டி அரசேறியவர். ஒரு சுற்றுத் தள்ளிப் பார்த்தால் 1159. அது மன்னரின் காலத்தைக் கடந்துவிடும். அரசேறுமுன் இளவரசராக அவர் அப்பகுதியை ஆண்டிருக்கலாம் என்று சமாதானம் கூறுவர். கூறட்டும். அறுபதாண்டுச் சுற்று இவ்விடத்தில் எப்பக்கம் திருப்பினாலும் கதவைத் திறக்காத திறவுகோலாக இருக்கிறது என்பதே நாம் காண்பது.

ஐயத்துக்கு இடம் மிகக் குறைந்த ஓர் ஆண்டும் நம்மிடம் உண்டு. அது திருவரங்கத்துச் சுவரில் இருக்கிறது.

1323ஆம் ஆண்டில் உலூக் கானின் படை தெற்கே வந்தபோது, பிள்ளை லோகாசாரியர் முதலிய பெரியோர் மூலவர் ஸந்நிதியைக் கல்லால் மறைத்து, உத்ஸவரை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு தெற்கு நோக்கிப் புறப்பட்டனர். அன்று திருவரங்கத்தில் நேர்ந்ததைப் பன்னீராயிரம் முடி திருத்திய கலகம் என்று நம்மவர் வழங்குவர். எம்பெருமானாரின் திருவடி நிழலில் இருந்த ஏகாங்கிகளும் பன்னீராயிரவர் என்றே குருபரம்பரை கூறும். ஒரு காலத்தில் நிறைந்திருந்த கூட்டத்தின் எண்ணே, பிறகு இழந்த கூட்டத்துக்கும் எண்ணாயிற்று. பெயர்ப் பட்டியல் வைத்து எண்ணிய தொகையாக இதனைக் கொள்ளவேண்டுவதில்லை. திருவரங்கம் முழுதும் போயிற்று என்று சொல்ல அவர்களுக்கு வாய்த்த சொல் பன்னீராயிரம்.

பிள்ளை லோகாசாரியர் மதுரைக்கு அருகிலுள்ள ஜ்யோதிஷ்குடியில் திருநாடு எய்தினார். பெருமாள் திருமாலிருஞ்சோலை, மலையாள தேசம், திருநாராயணபுரம், திருமலை என்று பல இடங்களில் எழுந்தருளியிருந்தார். விஜயநகரத்துக் கம்பணர் மதுரையை மீட்ட பின்னர், செஞ்சியில் இருந்த கோபணார்யர் பெருமாளைத் திருமலையிலிருந்து சிங்கபுரத்துக்கும், அங்கிருந்து திருவரங்கத்துக்கும் எழுந்தருளப் பண்ணினார். 1323 முதல் 1371 வரை நாற்பத்தெட்டு ஆண்டுகள்.

48 என்றவுடன் மண்டலம் என்னும் நினைவு எழும். அது எழட்டும், ஆனால் இங்கே நாற்பத்தெட்டின் பொருள் வேறு. பெருமாளைக் கண்ணால் கண்டவர் எவரும் எஞ்சாத அளவுக்கு நீண்ட காலம் அது. புறப்பட்ட அன்று இருபது வயதினராய் இருந்தவருக்கு மீண்ட அன்று அறுபத்தெட்டு. இடைக்காலத்தில் வேறொரு உத்ஸவ மூர்த்தியை எழுந்தருளப் பண்ணி ஆராதனமும் நடந்துவந்தது. இப்போது இரு திருமேனிகள். பழைய அழகிய மணவாளப் பெருமாள் இவரே என்று துணிந்து சொல்ல யார் உளர்? சாஸனம் உதவாது, ஆண்டுக் கணக்கும் உதவாது. அப்போது முதியவரான ஈரங்கொல்லி ஒருவர், கண்பார்வையும் இழந்தவர், முன்பு பெருமாளுடைய திருப்பரிவட்டங்களைத் துவைத்தவர், இருவருக்கும் திருமஞ்சனம் செய்து ஈர ஆடையைப் பிழிந்த தீர்த்தத்தைத் தரும்படி வேண்டினார். ஒன்றைப் பருகினார்; மற்றொன்றையும் பருகினார். கஸ்தூரி மணத்தை நாவும் மூக்கும் அறிந்தன. இவரே நம்பெருமாள் என்றார். அன்று முதல் அதுவே திருநாமமாயிற்று. இடையில் எழுந்தருளியிருந்தவர் திருவரங்க மாளிகையார் என்ற திருநாமத்தோடு இன்றும் ஸேவை ஸாதிக்கிறார்.

கோபணார்யரின் இச்செயலைப் போற்றும் வடமொழிச் சுலோகங்கள் கோயிலில் கல்லில் வெட்டப்பட்டன. வேதாந்த தேசிகர் அருளியவை அவை என்பது மரபு. ஆண்டை அவை பந்துப்ரியே என்ற சொல்லால் குறிக்கின்றன. சுற்றத்தார்க்கு இனியதாகிய ஆண்டில் என்பது பொருள். மூன்றாம் ப 3, ந்து என்ற கூட்டில் நான்காம் த 9, ப்ரி என்ற கூட்டில் ர 2, ய 1. திருப்பினால் சகம் 1293. 78ஐக் கூட்டினால் 1371. விளையாட்டுப் பந்தாக எண்ணித் தமிழ் எழுத்தைக் கொண்டே கணக்கிடுவோர் என்ன ஆண்டை அடைவர் என்று அன்பர்கள் ஒழிந்தபோது கண்டு மகிழலாம். இங்கே சொல்லும் உண்டு, கல்லும் உண்டு. சொல் நாவில் திரியாதபடி கல் காக்கிறது, கல் சொல்லாமல் விட்ட மகிழ்ச்சியைச் சொல் காக்கிறது.

எனினும் கோயில் ஒழுகு வழிவந்த செய்தி, பெருமாள் மீண்டது பரிதாபி ஆண்டு வைகாசி 17ஆம் நாள் என்கிறது. சகம் 1293 பரிதாபி ஆகாது, அது விரோதிகிருது. பரிதாபி அதற்கு அடுத்தது, 1372இல் தொடங்கியது. 1971–72 விரோதிகிருது, 1972–73 பரிதாபி என்பதை நினைவில் உடையோர் அறுநூறு ஆண்டுகளைக் கழித்து இதனைத் தாமே சரிபார்த்துக்கொள்ளலாம். ஓராண்டு விலகல். ஆண்டுக்குக் கல்லையே பற்றுவது முறை என்று தோன்றுகிறது. மாதமும் தேதியும் வேண்டுமாயின் ஒழுகைத்தான் நாடவேண்டும். இந்த வைகாசி 17 அங்கிருந்து வந்ததே. அறுநூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னர் இரு வேறு காப்பாளர்கள் ஓராண்டு வேற்றுமையில் ஒரே செய்தியைத் தருவது, மேல்கோட்டையில் பட்ட இடரை எண்ணும்போது, பெரும் பேறுதான்.

சுவரிலுள்ள சுலோகங்களில் கோபணார்யர் இருக்கிறார், திருமலை இருக்கிறது, செஞ்சி இருக்கிறது. ஈரங்கொல்லி இல்லை. திருவரங்கத்தில் திருமஞ்சனமான பின்பு ஈரவாடைத் தீர்த்தம் ஸாதிக்கிறார்கள். கை நீட்டி வாங்கிக்கொள்ளும் அடியார்களுக்கு அவரைத் தெரியும்.